பொறிப்பறவைக்கு ஒரு புகழுரை

ட்ரோனே, பழனி மலையின் புதுப்பறவையே! உன்னைப் புகழ இதுவரை ஒரு புலவர்கூட முன்வராதது பெருங்குறை.

தமிழில் உனக்கு ஒரு மூதாதை உண்டு. சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் பறக்கவிட்ட மயிற்பொறிதான் அது. வலப்பக்கம் திருகினால் எழும்பும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். பாவம், வேறொன்றும் தெரியாது. அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியில் அரண்மனை விழுந்தபோது நிறைமாத அரசி விசயையைச் சுமந்துபோய்ச் சுடுகாட்டில் இறக்கியது. சீவகன் அங்கே பிறந்தான். ஓர் உயிரைக் காத்ததோடு அதன் பெருமை முடிந்துவிட்டது. நீ அப்படியா? யாரையும் சுமப்பதில்லை, யாரையும் காப்பதில்லை. அதனால்தான் இத்தனை லேசாகப் பறக்கிறாய்.

கொடைக்கானல் தூண்பாறையில் மேகம் விலகும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பது பழைய மனிதர் பழக்கம். உனக்கு அந்தப் பொறுமை எதற்கு? சோலைக்குள் பழனிச் சிரிப்பான் குரல் கொடுக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. உன் நான்கு விசிறிகளும் இரைந்தால் அது வாயடைத்துப் போகும். ஒரே மேடையில் இரண்டு பாடகர் வேண்டாம் என்ற உன் நாகரிகம் யாருக்கு வரும்! பாறை விளிம்பில் அடைகாக்கும் தாய்ப்பறவைக்கும் நீ ஓய்வு தருகிறாய்: உன்னைப் பகையென்று எண்ணி அது கூட்டைவிட்டு எழும்பும். முட்டைகள் குளிரில் ஆறிக் கிடக்கும். படம் மட்டும் தெளிவாக விழும்.

மேசையில் வரைபடம் விரித்துப் பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டுகளில் பறக்கும் இயந்திரப் பிராணிகள் வரும். இவ்வளவுதான் வேகம், இவ்வளவுதான் ஆற்றல் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதியிருப்பார்கள். அவை விதிக்கு அடங்கிய கோழைகள். உனக்கும் 2021-இல் மத்திய அரசு விதி எழுதியது. வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தது. 2013-இல் இந்த மலைக்காடு வனவிலங்குச் சரணாலயமும் ஆயிற்று. நிறமோ எல்லையோ பார்க்காத சமத்துவம் உன்னுடையது. காட்டுமாடு கன்றோடு மேயும் புல்வெளிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் உனக்கு வேற்றுமையே இல்லை.

உன் கண்ணின் கூர்மையையும் சொல்லாமல் விட முடியாது. 2024 கோடையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் காடு எரிந்தது. மலைச்சரிவில் முதல் புகை எழும்போதே கண்டு சொல்லும் வல்லமை உனக்கு உண்டு. ஆனால் வந்தவர்களின் தேனிலவைப் படமெடுக்கும் பெரும்பணி உனக்கு இருக்கிறதே! கையை விட்டு நழுவி, காய்ந்த புல்லில் பேட்டரியோடு விழுந்தாலும் உன்னைத் தேடி இறங்குபவர் இல்லை. இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். இத்தனை பற்றற்ற பிறவியை இந்த மலை முன்பு கண்டதில்லை.

கடைசியாக, ட்ரோனை ஏவுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் கொடைக்கானலுக்கு வருகிறீர்கள். அந்த அனுமதி உங்கள் வண்டிக்கு மட்டும்தான். காட்டின் மேல் பறக்க வேண்டுமானால் வனத்துறையைக் கேளுங்கள். மறுத்தால், இந்தப் பறவை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.