சுகரைச் செல்லமாக வளர்ப்பது எப்படி?

வெள்ளானூர்ப் பக்கம் சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. ஆவடியில் ஒரு கடை, வெளிவட்டச் சாலை ஓரம் அரை கிரவுண்டு மனை, கொஞ்சம் சுகர் என்று சொத்துக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இந்தச் சொத்து இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஆகவே சுகர் இருப்பதில் பெருமையில்லை. அதை வைத்துக் கண், கிட்னி, கால் என்று படிப்படியாக முன்னேறுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பில் புதிதாக இறங்குபவர்களுக்கு இந்த வழிகாட்டி.

அடிப்படை விதி ஒன்றுதான்: வலித்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை முதலில் கை வைப்பது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில். அவை விழித்திரையில் இருக்கின்றன, சிறுநீரகத்தில் இருக்கின்றன, நரம்புகளுக்குச் சோறு போடுவதும் அவைதான். விழித்திரையில் குழாய் கசியும்போது கண் வலிக்காது. பேப்பர் படிக்கலாம், பஸ் நம்பர் தெரியும். சிறுநீரகம் கெட ஆரம்பித்ததும் சிறுநீரில் கொஞ்சம் அல்புமின் ஒழுகும், அதுவும் வலிக்காது. வருடம் ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதும், சிறுநீரில் அல்புமின் பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இலிருந்து அங்கேயேதான் இருக்கிறது, எங்கேயும் போய்விடாது. அவசரப்படாதீர்கள். கிட்னிக்குக் கிரியேட்டினின் மட்டும் எடுத்துப் பாருங்கள். பாதிக் கிட்னி போகும்வரைகூட அது நார்மல் என்று சொல்லித் தட்டிக்கொடுக்கும்.

டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. நாலு நாள் முன்பே பாகற்காய் ஜூஸ், வெந்தயத் தண்ணீர், காலையில் ஏரிக்கரை வரை வேக நடை. ஐந்தாம் நாள் வெறும் வயிற்றில் 115 வரும். அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வரும் வழியிலேயே இரண்டு பரோட்டா சாப்பிடலாம். இந்த வித்தைக்கு ஒரே எதிரி ஹெச்பிஏ1சி. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதுவரை அதில் ஒட்டிய சர்க்கரை அதிலேயே இருக்கும். நாலு நாள் பத்தியத்தை அது மதிப்பதே இல்லை, மூன்று மாதக் கதையையும் சொல்லிவிடும். இந்த டெஸ்டை எழுதிக்கொடுக்கும் டாக்டரை உடனே மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருப்பீர்கள். வெள்ளைச் சர்க்கரையை விட்டதற்குப் பரிசாக நாட்டுச் சர்க்கரை. அரிசியை விட்டதற்குப் பரிசாக ஆறு சப்பாத்தி.

மாத்திரை விஷயத்தில்தான் உறுதி வேண்டும். "மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்று ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் சொல்வார். அவரை நம்புங்கள். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பிரஷரும்தான் என்று டாக்டர் சொல்லத்தான் செய்வார். அவர் என்ன, சொந்தக்காரரா? பிரிட்டனில் ஐயாயிரம் பேரை இருபது ஆண்டுகள் கவனித்து, சுகரை இறுக்கிப் பிடித்தால் நுண்குழாய்ச் சிக்கல்கள் கால் பங்கு குறைகின்றன, பிரஷரையும் பிடித்தால் பக்கவாதம் 44 சதவீதம் குறைகிறது என்று 1998-இல் கண்டுபிடித்தார்கள். பிரிட்டன்காரனுக்கு நம் மாமாவைத் தெரியாது. இன்சுலின் என்றால் கடைசி ஊசி என்று மாமா சொல்வதையும் மறக்க வேண்டாம். 1922 ஜனவரியில் டொரண்டோவில் முதல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட லியோனார்ட் தாம்சனுக்கு வயது 14, சாகக் கிடந்தான். அந்தக் கடைசி ஊசிக்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்தான்.

இனி கால். முழுத் திறமையையும் இங்கேதான் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் பாதம் எரியும், ராத்திரியில் ஊசி குத்தும். வலித்தால் போவது என்ற விதிப்படி நீங்கள் டாக்டரிடம் போய்விடக்கூடிய ஆபத்தான காலம் இது. பல்லைக் கடித்துப் பொறுங்கள். சில வருடத்தில் எரிச்சல் அடங்கும். குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லுங்கள்; நரம்பு செத்துவிட்டது என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் நடந்துகொண்டே இருப்பீர்கள், செருப்பு பத்தடி பின்னால் கிடக்கும். கழன்றது தெரிந்திருக்காது. செருப்புக் கடைக்காரரைத் திட்டிவிட்டு மேலே நடங்கள்.

தகுதி வந்துவிட்டது. மே மாதத் தார் ரோட்டில் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றுங்கள். ஆடி மாதம் தீ மிதியுங்கள், சுடாது. அம்மன் அருள் என்று நினைத்துக்கொள்ளலாம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டரும் செருப்பில்லாமல் நடந்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை விடுங்கள். சூடு எவ்வளவு என்று கையால் தொட்டுப் பார்த்தால் கெட்டது காரியம். கால் ஆணி இருந்தால் ஷேவிங் பிளேடால் நீங்களே செதுக்குங்கள். தினமும் ராத்திரி அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்க்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள், எம்சிஆர் என்னும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே திரிகிறவர்களும் உண்டு. அவர்கள் சகவாசம் வேண்டாம். ராயபுரம் பக்கமும் போகாதீர்கள். 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன் 1954-இல் ராயபுரத்தில் அதற்கென ஒரு மருத்துவமனையே வைத்துவிட்டார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து "தெரியுதா?" என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால், அத்தனை வருட உழைப்பும் ஒரு நிமிடத்தில் அம்பலம்.

புண் வந்தால் மஞ்சள் வைத்துக் கட்டுங்கள். வலிக்கவில்லை என்பதால் ஆறுகிறது என்று கொள்ளலாம். விரல் கறுக்கும்வரை பொறுத்தால் விரல், அதற்கு மேலும் பொறுத்தால் முழங்கால். பொறுமைக்கு ஏற்ற பலன்.

நெஞ்சு விஷயமும் இப்படியே. நரம்பு கெட்டவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும்: வேர்வை, மூச்சு வாங்கல், திடீர்ச் சோர்வு. வாயுப் பிடிப்பு என்று சோடா குடியுங்கள். 108-க்குப் போன் போட்டால் அவர்கள் வந்துவிடுவார்கள், அதுதான் தொல்லை.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பெரிய இடைஞ்சல், 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். நீங்கள் போகாவிட்டாலும் அவர்கள் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லப் பேரப்பிள்ளையைப் பழக்குங்கள். மாட்டிக்கொண்டால் சிரித்த முகமாக மாத்திரையை வாங்கி, போன மாதத்து மாத்திரைக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள். காலைக் காட்டச் சொன்னால் மட்டும் கொஞ்சம் சிக்கல். இரண்டு ஜோடி சாக்ஸ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, கறுப்பு நிறத்தில்.