கூலி கொடுத்து மாரடித்தல்: அழுகைக்கு ஐந்தாம் காரணம் உண்டா என்பது பற்றிய ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கே காரணங்களைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்தால் அழுவோம். உற்றாரையோ உடைமையையோ பறிகொடுத்தால் அழுவோம். நன்றாக வாழ்ந்து நொடித்துப்போனால் அழுவோம். கையில் காசில்லாவிட்டால் அழுவோம். சரி. இந்த நான்கில் ஒன்றும் இல்லாத ஒருவன், மாதச் சம்பளம் ஒழுங்காக வாங்கி, மத்தியானம் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டு, மின்விசிறிக்கு அடியில் சாய்ந்திருக்கிறான். முன்பின் பார்த்திராத ஒரு சிறுமிக்கு இதயத்தில் ஓட்டை என்று திரையில் ஒரு டாக்டர் சொன்னதும் அழுகிறான். இவனை எந்த நூற்பாவில் அடைப்பது? அழுகை தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என்று உரையாசிரியர் நான்கை எட்டாகப் பெருக்கிக் காட்டினார். திரையிடத்துத் தோன்றுவது பற்றி மூச்சு விடவில்லை. அக்குறையை நிரப்ப ஐந்தாவதாக ஒரு காரணத்தை முன்மொழிவதே ஈண்டு நோக்கம். அதற்கு 'பறிப்பு' என்று பெயரிடலாம்.

களப்பணி திட்டமிட்டு நடந்ததன்று. கோயம்பேட்டிலிருந்து மதுரைக்குப் போன ஓர் இரவுப் பேருந்தில் தானாக அமைந்தது. வண்டியில் ஒரே ஒரு டிவி, எல்லோருக்கும் ஒரே படம் என்றிருந்த காலம். பெருங்களத்தூர் தாண்டியதும் கிளீனர் பையன் படம் போட்டான். பெயர் வேண்டாம், எடுத்தவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். முதல் கால்மணி நேரத்தில் ஓர் அப்பாவும் ஆறு வயது மகளும் கடற்கரையில் ஓடிப் பாட்டுப் பாடினார்கள். தமிழ்ப் படம் பார்த்துப் பழகியவருக்கு அங்கேயே விஷயம் புரிந்துவிடும். முற்பாதியில் துள்ளிக்கொண்டு வரும் பாட்டு பிற்பாதியில் வேகம் குறைந்து, ஒற்றை வயலினோ ஷெனாயோ துணைக்கு வர, திரும்பி வந்தே தீரும். முதலில் பாடுவது வட்டிக்கு விடும் அசல், பிறகு பாடுவது வசூல். கடன் வாங்குகிறோம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரிந்திருந்தது. "பாப்பா காலி சார்" என்று செங்கல்பட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

விக்கிரவாண்டியை நெருங்கும்போது பாப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பாட்டும் வயலினோடு வந்தது. எதிர்பார்த்தபடியே வருகிறது என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டிருந்தபோதே ஆய்வாளனின் மூக்கு அடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வண்டி நின்றது. டிவி அணைந்தது. எல்லார் தலைக்கு மேலும் டியூப்லைட் எரிந்தது. "வண்டி பத்து நிமிஷம் நிக்கும். டீ, காபி, டிபன் சாப்பிடுறவங்க சாப்பிட்டுக்கங்க!"

மெய்ப்பாடு என்பது, உள்ளத்தில் நடப்பது ஆராயாமலே பிறருக்குப் புலப்படும்படி உடம்பில் வந்து நிற்பது. அந்த டியூப்லைட்டில் ஆராய ஒன்றுமே இல்லை. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள், அவர்களிடம் ஒளிவுமறைவில்லை. ஆண்கள்தாம் ஆய்வுக்குரியவர்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். வாய் திறப்பதற்கு முன்பே கண் நனைந்திருந்தது. இன்னொருவர் ஏசி ஒத்துக்கொள்வதில்லை என்றார். அந்த வண்டியில் ஏசி கிடையாது. கண்ணாடி போட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள், கழற்றித் துடைப்பதற்குக் கையில் ஒரு காரணம் இருக்கிறது.

டீக்கடையில் பக்கத்து இருக்கைக்காரர் என் அருகே வந்து நின்றார். கண் வீங்கி, மூக்குநுனி சிவந்திருந்தது. டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "செம அறுவை படம் சார்."

அவர் அழுததும் பொய்யில்லை, திட்டியதும் பொய்யில்லை. இரண்டுக்கும் நடுவே முழுசாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தமிழர் கண்ணீருக்கு விலை வைத்துப் பார்க்காதவர்கள் அல்லர். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்க ஆள் கூப்பிட்டு, காசும் அரிசியும் கொடுத்து அனுப்பியவர்கள். மனமில்லாமல் செய்யும் எந்த வேலைக்கும் 'கூலிக்கு மாரடிப்பது' என்று பேர் வந்தது அப்படித்தான். சினிமா அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. இங்கே மாரடிப்பவனே கூலியும் கொடுக்கிறான். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, இடைவேளையில் பாப்கார்னுக்கும் அழுதுவிட்டு, உள்ளே போய் மறுபடி அழுகிறான்.

இத்துறையின் மூல வழக்கு பழையனூர் நீலியுடையது. திருவாலங்காட்டுக்கு அருகில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. வணிகன் ஒருவனைப் பழிவாங்க வந்த பேய், நான் இவன் மனைவி, என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ச் சபையில் அழுதது. வெறும் அழுகையாக இருந்தால் வேளாளர் எழுபது பேரும் யோசித்திருப்பார்கள். நீலி விவரமானவள், வரும் வழியில் ஒரு கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கட்டை வணிகனைப் பார்த்து 'அப்பா' என்றது. சபை கரைந்துவிட்டது. உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்பினார்கள். விடிந்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீக்குளித்தார்கள். குழந்தை நட்சத்திரத்தை இறக்கிக் கூட்டத்தைக் கவிழ்த்ததற்கு இதுவே மிகப் பழைய சான்று என்று ஆய்வாளன் துணிகிறான். நீலிக் கண்ணீர் என்று அவள் பக்கத்துக் கண்ணீருக்கு மொழியில் ஒரு தொடர் நிலைத்துவிட்டது. அதைக் கண்டு கசிந்த எழுபது பேரின் கண்ணீருக்குப் பேரே இல்லை. அவள் அழுதது பொய், அவர்கள் கசிந்தது மெய். விக்கிரவாண்டியில் எங்களுக்கும் கள்ளிக்கட்டைதான் காட்டப்பட்டது.

மேலைநாட்டார் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃப்ரே, ஆட்களுக்குச் சோகப் படம் காட்டி வழிந்த கண்ணீரைக் குழாயில் பிடித்தார். வெங்காயத்தால் வந்த கண்ணீரையும் பிடித்தார். சோகக் கண்ணீரில் புரதம் கூடுதல் என்று 1981ல் எழுதினார். இது பார்வையாளருக்கு எவ்வளவு பாதகமான செய்தி என்பதை அவர் விளக்கவில்லை. கிளிசரின் தடவிய நடிகையின் கண்ணீர் எரிச்சலால் வருவது, அதாவது வெங்காய இனம். நம்முடையதோ புரதம் சேர்ந்த அசல். மட்டச் சரக்கைக் கொடுத்து உயர்ந்த சரக்கை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர் இருவர் 1995ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 78 படத்துண்டுகளை 494 பேருக்குக் காட்டி, எட்டு உணர்ச்சிகளுக்குத் தலா இரண்டாக 16 துண்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சோகத்துக்கு வந்த இரண்டில் ஒன்று 1979ஆம் ஆண்டின் 'தி சாம்ப்'. செத்துக் கிடக்கும் குத்துச்சண்டைக்கார அப்பாவை எழுப்பப் பார்த்துச் சிறுவன் கதறும், மூன்று நிமிடத்துக்கும் குறைவான காட்சி. அதன் பிறகு, யாரையாவது சோகப்படுத்த வேண்டுமென்றால் ஆய்வுக்கூடங்களில் அதைப் போடுவது வழக்கமாகிவிட்டது. மீண்டும் ஒரு குழந்தை, மீண்டும் ஓர் 'அப்பா' என்பதை நோக்குக. தொல்காப்பியரின் மெய்ப்பாடும் எட்டு, அவர்கள் எண்ணிக்கையும் எட்டு. இந்த எட்டு இங்கிருந்துதான் போனது என்று நிறுவ நம்மில் ஆட்கள் இருக்கிறார்கள், அந்தப் பணியை அவர்களுக்கே விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம். அவர்களின் எட்டில் ஒன்று, எந்த உணர்ச்சியும் இல்லாத நிலை. நம்மவர் ஓரிடத்தையும் காலியாக விடவில்லை.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்டது இன்னும் பயனுள்ளது. 60 பேருக்கு 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்', 'ஹாச்சி' என்ற இரண்டு படங்களைக் காட்டினார்கள். 28 பேர் அழுதார்கள். அழுதவர்களின் மனநிலை படம் முடிந்த உடனே சரிந்து கிடந்தது, இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது, தொண்ணூறு நிமிடம் கழித்துப் பார்த்தால் படத்துக்கு முன்பிருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆக, அழுதவனிடம் கருத்துக் கேட்கக்கூடாத நேரம் ஒன்று உண்டென்றால் அது முதல் இருபது நிமிடம். நம் ஊரில் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி "படம் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்பது சரியாக அந்த நேரத்தில்தான். எங்கள் வண்டி நின்றதும் பத்தே நிமிடம். பக்கத்து இருக்கைக்காரர் பள்ளத்தின் அடியில் நின்றுகொண்டு டீ குடித்திருக்கிறார்.

அற்றேல், கோபமெல்லாம் இருபது நிமிடக் கோளாறுதானா எனின், அன்று. அடுத்த வாரமும் அந்தப் படத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

அழவைத்த எல்லாப் படங்கள் மீதும் கோபம் வருகிறதா என்றால், அதுவும் இல்லை. 'பாசமலர்' 1961ல் வந்தது. ஏழ்மையில் தொடங்கும் அண்ணன் தங்கை, கணவனின் அத்தையிடம் தங்கை படும் அவமானம், முதலாளியாக உயர்ந்த அண்ணன் எல்லாம் இழந்து கண்ணையும் இழப்பது, கடைசியில் இருவர் சாவு. வறுமை, இளிவு, அசைவு, இழவு நான்கையும் பீம்சிங் ஒரே படத்தில் அடக்கிவிட்டார், இலக்கணம் பிசகவில்லை. அந்தத் தலைமுறை அதற்காக அவரைத் திட்டவில்லை. 'நல்ல அழுகைப் படம்' என்பது பாராட்டாக இருந்த காலம். என் அம்மா இன்றும் டிவியில் அது வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, துண்டோடு வந்து உட்காருவாள். என்ன நடக்கும் என்று தெரிந்தே வருகிறாள். ஊருக்கெல்லாம் தெரிந்த பேரம் அது.

'மூன்றாம் பிறை' வேறு சாதி. நினைவு திரும்பிய ஸ்ரீதேவி ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். பிளாட்பாரத்தில் கமல், அவளைச் சிரிக்கவைக்கத் தான் முன்பு செய்த குரங்கு விளையாட்டைச் செய்துகாட்டுகிறார், குட்டிக்கரணம் அடிக்கிறார். அவள் அவரைப் பைத்தியம் என்று நினைக்கிறாள். யாரும் சாகவில்லை. சொல்லப்போனால் அவள் குணமாகிவிட்டாள், நல்ல செய்திதான். காட்டப்படுவது முழுக்கச் சிரிப்புக்குரிய வித்தை, அதைப் பார்த்து நாம் கேவுகிறோம். 1982லிருந்து பாலுமகேந்திராவைக் கோபித்துக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. அவர் நம்மை அழச் சொல்லவில்லை, ஒரு மனிதன் குட்டிக்கரணம் போடுவதைப் பார்க்கத்தான் சொன்னார்.

விக்கிரவாண்டிப் படத்தின் இயக்குநரோ எங்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டிருந்தார். இவர்களுக்கு ஒரு பிள்ளை, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு வயலின் போதும் என்று. அந்தக் கணக்கு தப்பாக இருந்திருந்தால் சிரித்திருப்போம். சரியாக இருந்ததுதான் வலித்தது. செங்கல்பட்டிலேயே கண்டுபிடித்தவரையும் சேர்த்து மடக்கிவிட்டார்களே, கண்டுபிடித்ததால் என்ன பயன்? மலிவானவன் என்று ஒருவர் நம்மை எடைபோட, நம் மூக்கே அதற்குச் சாட்சி சொன்னது.

இங்கேதான் ஆய்வுக்கு ஆபத்து வந்தது. பிறர் நம்மை எளியவராக எண்ணி நடத்துவதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: இளிவு. நான்கில் முதலாவது. நான் ஐந்தாவது என்று தூக்கிக்கொண்டு வந்த பறிப்பு, தொல்காப்பியர் முதலிலேயே எழுதிவைத்துவிட்டுப் போன சரக்கு. பாதி அழுகை பாப்பாவுக்கு, மீதிப் பாதி இப்படி ஏமாந்தோமே என்று எங்களுக்காக. தொல்காப்பியரைத் திருத்தப் போனவர்களுக்கு வழக்கமாக நேர்வது எனக்கும் நேர்ந்தது. முன்மொழிவு திரும்பப் பெறப்படுகிறது.

வண்டி கிளம்பியதும் படம் வரும் என்று எல்லோரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. "தம்பி, மீதியப் போடுப்பா" என்று முன்னாலிருந்து ஓர் அம்மா கேட்டார். "ரெண்டாவது டிரைவர் தூங்கணுமாம்மா" என்றான் பையன். விளக்கு அணைந்தது. அறுவை என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சமயபுரம் டோல்கேட்டில் வண்டி மெதுவாகும்போது என் தோளைத் தொட்டார். தூங்கவே இல்லை போலிருக்கிறது.

"சார், அந்தப் பாப்பா பொழச்சிருக்கும்ல?"

ஆய்வாளன் சான்றில்லாத எதையும் சொல்லக்கூடாது.

"பொழச்சிருக்கும் சார்" என்றேன்.