அடுத்த வீட்டுக் கரப்பான்

மலேசியாவின் புந்தோங்கில் ஏது குளிர்காலம் என்று கேட்பவர், டிசம்பர் மாதம் மழை விட்ட இரவில் வந்து பார்க்கவேண்டும். வெப்பம் 23 பாகைக்கு இறங்கியிருக்கும். மோட்டார் ஓட்டிகள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போவார்கள். லோங்காங் என்கிற சாக்கடை நிரம்பி, அதில் குடியிருந்த கரப்பான்கள் குடும்பத்தோடு கரையேறும். அந்த நேரம் பார்த்து எங்கள் வரிசையில் ஒருவர் கையில் டார்ச்லைட்டோடு வாசலுக்கு வருவார். உங்கள் வரிசையிலும் ஒருவர் இருப்பார்.

இவர் வீட்டில் கரப்பான் கிடையாது. அவரே சொன்னது. அப்படியானால் சமையலறையில் ஓடுகிறதே, அது?

"அது பக்கத்து வீட்டுது தம்பி. நடையைப் பார்த்தாலே தெரியலையா? இங்க சும்மா வந்து போவும்."

அரிசிப் பானைக்குப் பின்னால் மீசையை ஆட்டிக்கொண்டு நிற்பதும் விருந்தாளிதான். முதலில் இடப்பக்கத்து வீட்டைச் சந்தேகித்தார். அவர்கள் கச்சாங் பூத்தே பொரித்து விற்பவர்கள், மாவும் கடலையும் புழங்கும் இடம். அந்த அக்கா தினம் இரண்டு வேளை தரையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பார்த்ததும் வழக்கை வலப்பக்கம் மாற்றிவிட்டார். அங்கே புதிதாக வாடகைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் காலி செய்து போன பிறகும் கரப்பான் வந்தது. "விட்டுட்டுப் போயிட்டானுங்க," என்றார்.

டாக்சி ஓட்டிய காலத்திலிருந்தே இவருக்கு இந்த அனுபவம் உண்டாம். பின்சீட்டுக்கு அடியில் பாண்டான் இலையைக் கட்டி வைத்திருப்பார். வண்டியில் கரப்பானா என்றால், இல்லை, பயணிகள் கொண்டுவருவது. அதற்கும் முன்னால், தோட்டத்து லயத்தில் வளர்ந்தபோது கரப்பானையே கண்டதில்லை என்பார். "மண்ணெண்ணெய் விளக்குல உங்களுக்கு என்னா தெரிஞ்சிச்சி?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த அம்மாள் செலிப்பரால் ஒரே போடு போடுகிறவர். யார் வீட்டுக் கரப்பான் என்று விசாரிப்பதில்லை.

இவருடைய போர்முறை வேறு. சீனச் சாக்கட்டியை வாங்கிவந்து எல்லைச் சுவரோரம் லட்சுமணன் மாதிரி கோடு போடுவார். ஸ்பிரேயை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் அடிப்பார். கொல்வதற்கல்ல, நாடு கடத்துவதற்கு. சரி, அவருடைய ஸ்டோர் ரூம்? ரைஸ் குக்கர் போய்ப் பத்து வருடமாகிறது, அட்டைப்பெட்டி மட்டும் பத்திரமாக இருக்கிறது. மேலே பழைய நாளிதழ்க் கட்டு, அதற்கும் மேலே மூன்று தலைமுறைக் கல்யாணப் பத்திரிகைகள். இருட்டு, இடுக்கு, மழைக்காலத்து ஈரம், கொறிக்கப் பசை. கரப்பானைக் கேட்டுக் கட்டியிருந்தால்கூட இவ்வளவு வசதியாக அமைந்திருக்காது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சமையலறையில் திரிகிற அந்தச் சின்னப் பழுப்புக் கரப்பானுக்கு, ஸ்வீடன்காரரான லின்னேயஸ் 1767இல் வைத்த பெயர் ஜெர்மானியக் கரப்பான். ஜெர்மானியர்கள் சும்மா இருப்பார்களா? அதை ரஷ்யன் என்றார்கள். ரஷ்யர்கள் அதைப் பிரஷ்யன் என்றார்கள். லோங்காங்கிலிருந்து ஏறிவருகிற பெரியதற்குப் பெயர் அமெரிக்கக் கரப்பான். அதன் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. உலகம் முழுக்க யாரோ ஒருவர் டார்ச்லைட்டோடு வாசலில் நின்று அடுத்த வீட்டைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

2024இல் ஓர் ஆய்வு வந்தது. 17 நாடுகளில் பிடித்த 281 கரப்பான்களின் மரபணுவைப் பார்த்து, இந்த ஜெர்மானியர் ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியன்மாரிலோ மனிதர் வீட்டுக்குள் குடியேறியவர் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அங்கிருந்து வணிகர் மூட்டையிலும் கப்பலிலும் ஊர் ஊராகப் போயிருக்கிறார். பெண் கரப்பான், முப்பது நாற்பது முட்டை உள்ள கூட்டை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். பெட்டி படுக்கையோடு கப்பலேறிய நம் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள்.

செய்தியைப் பொறுக்கமாட்டாமல் அன்றிரவே போய்ச் சொன்னேன். "அங்கிள், இது வேற வீட்டுது இல்ல. நம்ம ஊர்க்காரனா இருக்கலாமாம்."

"என்னா சொல்ற? நல்லாப் படிச்சியா?"

"இந்தியா, இல்லன்னா மியன்மார். ரெண்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கு."

டார்ச்லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப மியன்மார்தான்," என்றார்.