காரை இறக்கியவர்

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் காரை இறக்கியவர் என்போர் ஒரு தனி வகையினர். வயது பெரும்பாலும் இருபத்திரண்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில். வங்கி எழுதுவினைஞர், ஹார்ட்வெயார் கடைக்காரரின் இளைய மகன், கம்பஸ் முடித்து வேலைக்குக் காத்திருப்பவர் என்று தொழில் எதுவாகவும் இருக்கலாம். கார் மட்டும் அநேகமாக ஒன்றே: தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக். ஹொண்டா அதைக் குடும்பக் கார் என்று விற்றது. இவர் ஸ்போர்ட்ஸ் கார் என்று வாங்கினார். அரசாங்கம் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய சிவிக்குகளின் வயதும் விலையும் சேர்ந்தே ஏறின. இறங்கியது உயரம் மட்டுந்தான், அதுவும் இவர் கையால்.

இறக்கிய காருக்கு இலங்கையில் மிகப் பொருத்தமற்ற ஊர் எது என்று கேட்டால் கண்டி என்று தாராளமாகச் சொல்லலாம். அன்னிவத்தை, பஹிரவகந்தை, ஹந்தானைப் பக்கத்து வீடுகளில் பாதி, வீதிக்கு மேலே தொங்குகின்றன. மீதி வீதிக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. கேற்றுக்கும் தாருக்கும் நடுவே ஒரு கானும் ஓடும். இவர் அந்தக் கானை நேரே கடப்பதில்லை. காரைக் கோணலாகத் திருப்பி, ஒரு நேரத்தில் ஒரு சக்கரமாக இறக்கி ஏற்றுவார். அதற்கு முன் பயணிகள் அனைவரும் இறங்க வேண்டும். முழங்கால் வருத்தக்காரரான அம்மாவும் இறங்கி, கார் மேலே வந்ததும் மறுபடி குனிந்து ஏறிக்கொள்வார். “பஸ்ஸில போயிருந்தா இந்நேரம் கட்டுகஸ்தோட்டை” என்று அவர் சொல்வது இவருக்குக் கேட்பதில்லை. சைலன்சர் சத்தம் அப்படி.

இறக்கும் வழியை வைத்து இவ்வகையில் உட்பிரிவுகள் உண்டு. கிறைண்டரால் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டியவர் கடைநிலை. அவர் அதை வெளியே சொல்வதில்லை. கட்டை ஸ்பிரிங் வாங்கிப் போட்டவர் நடுத்தரம். உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் கொயில்-ஓவர் வைத்திருப்பவர் மேல்தட்டு. அவர் அதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. மூவருக்கும் கடைசியில் வாய்ப்பது ஒரே நோய்தான். அது காரின் பின்பக்கத்தில் வருகிறது.

சிவிக்கின் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒரு கட்டைக் கையும் கீழே ஒரு நீளக் கையும் பிடித்திருக்கின்றன. உடல் இறங்கும்போது கட்டைக் கை சக்கரத்தின் தலையை அதிகமாக உள்ளே இழுக்கும். தலை உள்ளே, கால் வெளியே என்று சக்கரம் சாய்ந்து நிற்கும் இந்த நிலைக்கு எதிர்க் கேம்பர் என்று பெயர். ஏறக்குறைய ஒரு பாகை சாய்வைத் தொழிற்சாலையே வைத்துத்தான் அனுப்புகிறது. வளைவில் பிடிப்புக்கு அது நல்லது. இரண்டு அங்குலம் இறக்கினால் அந்தச் சாய்வு பெருகும். பின்னால் வரும் முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன் அடித்து, “அச்சு உடைஞ்சிருக்கு!” என்று நல்லெண்ணத்தோடு எச்சரிப்பார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கையசைப்பார்.

டயரின் உள்விளிம்பு கம்பி தெரியத் தேய்ந்திருக்க, வெளிவிளிம்பு கடையில் வாங்கியபடியே இருக்கும். சோதனைக்கு நிறுத்தும் பொலிஸ்காரர் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார் என்பது இவருடைய தத்துவம். பழியைக் கேம்பர்மீது போடுவதும் வழக்கம். உண்மையான திருடன் டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு அது. ஒரு சக்கரம் ஒரு பாகை திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் உரசியபடி போகும். கொழும்புக்கு 115 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரை அந்த டயர் குறுக்காகவே கடந்திருக்கும். அதோடு பின்சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருந்தால், மழையில் கடுகண்ணாவை வளைவில் காரின் வால் தனி முடிவு எடுக்கும்.

ஆகவே அலைன்மன்ட். அதற்கு முதல் தேவை சமதளம், கண்டியில் கிடைக்காத பொருள். நகர நடுவில் கிடந்த நல்ல சமமான வயல்வெளியையும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வாவியாக்கிவிட்டான். இருக்கிற சில மட்டத் தரைகளில் கணினி அலைன்மன்ட் நிலையங்கள் உள்ளன. அங்கே நான்கு சக்கரத்திலும் கருவி மாட்டி, திரையில் பச்சையும் சிவப்புமாக எண் காட்டுவார்கள். இவருடைய பின் கேம்பர் எப்போதும் சிவப்பு. அந்தக் காரில் பின்பக்க டோவுக்கு மட்டுமே நீள்துளை விட்டிருக்கிறார்கள். கேம்பரைத் திருத்த ஆணி ஏதும் கிடையாது. அச்சடித்த தாளை இவர் டேஷ்போர்டில் பத்திரப்படுத்தி, கேட்காதவர்களுக்கும் காட்டுவார்.

பிறகு கராஜ். பாஸ் செய்யும் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காற்று, உயரம், தேய்ந்த புஷ் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். புஷ் ஆடினால் மற்ற அளவெல்லாம் பொய். புது புஷ் போட்டால், கார் தன் சக்கரத்தில் நிற்கும்போதே ஆணியை இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் இறங்கியதும் முறுகி, சில மாதத்தில் கிழியும். அடுத்தது கேம்பர். மேற்கையை உடலோடு பிணைக்கும் இடத்தில் வொஷர் செருகினால் சக்கரத்தின் தலை சற்று வெளியே வரும். இதையே கேம்பர் கிட் என்ற பளபளப்பான சாமான் பல மடங்கு விலைக்குச் செய்கிறது. பஞ்சிகாவத்தையில் நாளெல்லாம் அலைந்து அதை வாங்கிவந்தவர், வொஷர் போட்டவரோடு அதன் பிறகு பேசுவதில்லை.

கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் டோ கடைசியில். மலைநாட்டு மழையில் அந்த ஆணிகள் துருவேறி ஒட்டிக்கிடக்கும். எண்ணெய், காஸ் நெருப்பு, தூஷணம் மூன்றும் முறையே பயன்படும். காரின் இருபக்கமும் நைலோன் நூல் கட்டி, இரும்பு அடிமட்டத்தால் ஒவ்வொரு விளிம்பையும் அளப்பார்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் உள்நோக்கு, இருபக்கமும் சரிபாதியாக வர வேண்டும். பாதி பிசகினால் கார் நண்டுபோல் ஒருக்களித்து ஓடும், ஸ்டியரிங் நேரே நிற்காது. முன்சக்கரங்களைப் பின்சக்கரங்களின் திசையை வைத்தே திருத்துவதால், பின்பக்கம் முடியாமல் முன்னால் போகக்கூடாது. ஓட்டுநரின் எடையும் கணக்கில் சேர வேண்டும். ஆனால் இவருக்கு மேற்பார்வை இருக்கிறது. எனவே ஒரு நண்பர் இருக்கையில் அமர்த்தப்படுவார். அசையக்கூடாது, போன் பார்க்கக்கூடாது, வாங்கிவந்த கொத்தைச் சாப்பிடக்கூடாது. கொத்து எடையைக் கூட்டும் என்பது மேற்பார்வையாளரின் கருத்து. அது பார்சலாக மடியில் இருந்தாலும் அதே எடைதான் என்பது நண்பரின் கருத்து.

இவ்வளவு நுணுக்கமும் ஏப்ரலுக்காக. நுவரெலியா வசந்த காலத்தில், 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்போட்டி நடக்கும் நாட்களில், இவர் றம்பொடை வழியாக மேலே போவார், பார்வையாளராக. போட்டிக் கார்களின் பின்சக்கரச் சாய்வைக் கண்ணால் அளந்து, “ஒண்டரை டிகிரி, மச்சான்” என்பார். யாரும் சரிபார்ப்பதில்லை.

அலைன்மன்ட் முடிந்தபின் ஓட்டிப்பார்த்தல் ஒரு சடங்கு. குண்டசாலைப் பக்கம் நேரான வீதித் துண்டொன்றில், முன்னும் பின்னும் எதுவும் வராத நேரம் பார்த்து ஸ்டியரிங்கை விடுவார். கார் மெல்ல இடதுபக்கம் போகும். மழைநீர் வடிய வீதியின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தியிருப்பதால், இடப்பக்கம் ஓடும் எந்தக் காரும் இடதுபக்கந்தான் போகும். இவர் நேரே கராஜுக்குத் திரும்பி முறையிடுவார். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே, “கார் சரி, மல்லி. இனி ரோட்டைத்தான் அலைன்மன்ட் பண்ணணும்” என்பார். அதற்கு எவ்வளவு முடியும் என்று தயங்காமல் கேட்பவரே இவ்வகையின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி.