சானமாவில் 'பாஸ்' பட்டனின் இன்றியமையாமை: ஒரு முதற்கட்ட ஆய்வு

வீடியோ கேம் என்றால் இன்னின்ன வசதிகள் இருந்தே தீர வேண்டும் என்று உலகெங்கும் ஆடுவோர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்திலேயே சேமிக்க வேண்டும். வசனம் எழுத்தில் ஓட வேண்டும். பார்த்த கதைக்காட்சியையே மறுபடி பார்க்க வைக்கக் கூடாது. நெட் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். பட்டியலில் குறையில்லை, அது யாரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்பதில்தான் குறை. தனி அறை, நிற்காத கரண்ட், உள்தாழ்ப்பாள், கூப்பிடாத தாய் ஆகிய நான்கும் வாய்க்கப்பெற்ற ஒருவருக்காகவே இவை வகுக்கப்பட்டிருக்கின்றன. அத்தகையவர் சானமாவில் எவருமிலர். ஆகவே அப்பட்டியலைச் சானமாவில் வைத்து உரசிப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது இலக்கணம். நிலமாவது, ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் காப்புக்காட்டை ஒட்டிய பகுதி. குறிஞ்சியா முல்லையா மருதமா என்றால் மூன்றும் உண்டு. போதாக்குறைக்குக் கூப்பிடு தூரத்தில் சிப்காட் தொழிற்பேட்டையும் உண்டு. சிப்காட்டை எந்தத் திணையில் சேர்ப்பது என்பதை வருங்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம். சிறுபொழுது மூன்று: ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். ஜெனரல் ஷிப்டையும் கூட்டி நான்கென்பாரும் உளர். பெரும்பொழுது இரண்டு: யானை இருக்கும் காலம், யானை இல்லாத காலம். கருப்பொருளில் உணவு ராகிக் களி, ஊர்தி கம்பெனி பஸ். உரிப்பொருள் இருத்தல், அதாவது லோடிங் முடியும்வரை இருத்தல். கடிகார ஆலை ஓசூரில் 1980-களிலிருந்தே ஓடுகிறது. அந்த ஊரைச் சுற்றி வாழ்பவர்களுக்கு நேரம் மட்டும் தட்டுப்பாடாக இருப்பது தனியே ஆராயத்தக்கது.

இனி வரலாறு. ஆட்டத்தை நடுவில் நிறுத்தலாம் என்ற ஞானம் 1976-லேயே உலகுக்கு வந்துவிட்டது. அவ்வாண்டு அமெரிக்காவில் வெளியான ஃபேர்சைல்ட் சேனல் எஃப் என்ற கருவியில் 'ஹோல்ட்' என்றொரு பட்டன் இருந்தது. அழுத்தினால் ஆட்டம் உறைந்து நிற்கும். சேமிக்கும் வசதி பிந்தியது. 1987-ல் அமெரிக்கா வந்த செல்டா கேசட்டுக்குள் சிறு பேட்டரி ஒன்றை வைத்து, விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கச் செய்தார்கள். நம்மூருக்கு வந்தவையோ '9999 இன் 1' கேசட்டுகள். அவற்றில் பேட்டரியைத் தேடுவது வீண். எனவே தொண்ணூறுகளில் இங்கே சேமிப்பு என்பது டிவியை மட்டும் அணைத்துவிட்டு, கேமை பாஸில் போட்டு, அடாப்டரைத் துண்டால் மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதாகவே இருந்தது. மாலையில் வந்து தொட்டால் அடாப்டர் கொதிக்கும். கான்ட்ரா ஆறாவது ஸ்டேஜ் அப்படியே இருக்கும், இடையில் கரண்ட் போகாதிருந்தால்.

அந்த பாஸ் பட்டன் இன்று எங்கே? நூறு பேர் ஒரே தீவில் குதித்துச் சுட்டுக்கொள்ளும் பப்ஜி வகை ஆட்டங்களில் அது இல்லை. 2022-ல் வந்து உலகமே கொண்டாடிய எல்டன் ரிங்கைத் தனியாக ஆடினாலும் பாஸ் பட்டன் கிடையாது. ஆனால் உதவிப் பகுதிக்குள் நுழைந்து மெனு எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கத்தைத் திறந்தால் ஆட்டம் தானாக நின்றுவிடும் என்று ஆடுவோர் துப்புத் துலக்கினர். விதிமுறையைப் படிக்கும்போது மட்டும் வேலை நிற்பது தமிழர்க்குப் புதிதன்று.

இந்தியாவில் இக்குறையைத் தீர்த்து வைத்தது மத்திய அரசு என்பதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியையும் தடை செய்து, தேசம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் பாஸ் அழுத்தியது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் ஆட்டம் தொடர்ந்தது. 2022 ஜூலை 28 அன்று மறுபடி பாஸ். 2023 மே மாதம் மறுபடி பிளே. இரு முறையும் ஏறக்குறையப் பத்து மாதம். பழைய கணக்கும் வாங்கிய சட்டையும் பெரும்பாலும் பத்திரமாகத் திரும்பின. ஆக, நிறுத்தல், சேமித்தல் இரண்டும் வழங்கப்பட்டுவிட்டன. பட்டன் மட்டும் டெல்லியில் இருக்கிறது.

பட்டியலின் பிற உறுப்புகளைச் சுருக்கமாகக் காண்போம். நெட் இல்லாமல் ஓட வேண்டுமானாலும் முதலில் நெட்டில் இறக்கியாக வேண்டும். கால் ஆஃப் டூட்டியின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு நாளடைவில் கம்ப்யூட்டரில் 200 ஜிபியைத் தாண்டிப் பெருத்தது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் போட்டவர் அதை இறக்க 133 நாளுக்கு மேல் வேண்டும். அதற்குள் ராகியை விதைத்து, அறுத்து, களி கிண்டிச் சாப்பிட்டுவிடலாம். எழுத்தில் ஓடும் வசனமோ ஆடம்பரமன்று. சி ஷிப்ட் முடித்த அண்ணன் பகல் பத்து மணிக்கு ஒரே அறையில் குறட்டை விடும்போது தம்பி சத்தம் வைக்க முடியாது. தமிழில் ஓடினால் இன்னும் நன்று. டொரன்டோவில் உருவாகி 2023-ல் வந்த 'வெண்பா', இட்லி ஊற்றுவதையே ஆட்டமாக்கி பாஃப்டா விருது வரை போயிற்று. அதில் யாரும் யாரையும் சுடுவதில்லை என்பதால் பப்ஜி ஆடும் ஸ்குவாடில் எடுபடவில்லை.

இனித் தலையாய சான்று. ராகிக் கதிர் முற்றும் காலத்தில், பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டம் இறங்கிச் சானமாவுக் காட்டில் முகாமிடும். அங்கிருந்து போடூர், ஆழியாளம், கோபசந்திரம் என்று இரவில் கிளம்பும். விளைச்சலைக் காக்க வயலோரப் பரணில் ஆள் படுக்க வேண்டும். விழித்திருக்கவே போன் இருக்கிறது. நான்கு பேர் ஸ்குவாடில் ஒருவர் பரணில், ஒருவர் கம்பெனி பஸ்ஸில், ஒருவர் வாடகை அறையில், இன்னொருவர் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்தில். அவர்களிடையே இவ்வாறு உரையாடல் நிகழும்:

"மச்சி, நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணு."

"இருடா, பட்டாசு வெடிக்கிறாங்க."

"எந்தப் பக்கம்? மேப்ல மார்க் பண்ணு."

"மேப்ல இல்லடா, காட்டுல!"

இங்கே ஒரு நுட்பம். ஹெட்செட் போட்டால் கேமில் எதிரியின் காலடி எந்தத் திசையில், எத்தனை அடி தள்ளி என்பது வரை கேட்கும். கழற்றினால் யானையின் காலடி கேட்காது. அதன் பாதம் மெத்தை போன்றது; நான்கு டன் உடம்பு சத்தமில்லாமல் வந்து நிற்கும். ராகித் தாள் சரசரப்பதை வைத்தோ, வயிற்றின் உறுமலை வைத்தோதான் அறிய வேண்டும். கேம் செய்கிறவர்கள் காலடி ஓசைக்குக் கொட்டிய உழைப்பில் கால் பங்கை பாஸ் பட்டனுக்குக் கொட்டியிருந்தால் பரண்காரர் ஒரு காதையாவது காட்டுக்குக் கொடுத்திருப்பார். இப்போது அவர் ஆட்டத்தை விட்டு இறங்கினால் ரேங்க் போகும். இறங்காவிட்டால் ராகி போகும். இரண்டையும் காக்கப் போய் போனைப் பரணிலேயே மறந்துவிட்டு ஓடினால், திரும்பி வந்து பார்க்கையில் ஜோனுக்கு வெளியே செத்துக் கிடப்பார், கேமில்.

நூறு பேர் ஆடும் ஆட்டத்தை ஒருவருக்காக நிறுத்துவது எங்ஙனம் என்று மறுப்பாரும் உளர். அது பொருந்தாது. மைதானத்துக்குள் ஒரு நாய் புகுந்தால் கிரிக்கெட் நிற்கிறது. பந்து வீசுபவர் பாதி ஓட்டத்தில் திரும்புகிறார், கோடிப் பேர் டிவி முன் காத்திருக்கிறார்கள், யாரும் ரேங்க் கேட்பதில்லை. ஐபிஎல்லில் எந்த மிருகமும் வராமலேயே இரண்டரை நிமிடம் நிறுத்துகிறார்கள். கபடியிலும் டைம்-அவுட் உண்டு. நாய்க்குக் கிடைக்கும் மரியாதை யானைக்குக் கிடைக்காமற்போவது நியாயமன்று.

ஆகவே ஸ்குவாடுக்கு ஓர் ஆட்டத்தில் ஒரு முறை 'யானை நிறுத்தம்' வழங்க வேண்டும் என்பது எமது முன்மொழிவு. இதில் ஒரு சிக்கல் உண்டு: தோற்கப்போகும் ஸ்குவாட் ஒவ்வொன்றும் யானை வந்ததாகச் சொல்லும், மயிலாப்பூரிலிருந்தும்கூட. ஆதாரமாகப் போட்டோ கேட்கலாம் என்றால், யானையை நெருங்கிப் படமெடுக்கப் போனவர்களின் கதியைச் செய்தித்தாள்களில் படித்துத்தான் வருகிறோம். வி.ஏ.ஓ. சான்று கேட்டால் ஆட்டம் அடுத்த சீசனுக்குப் போய்விடும். எஞ்சியிருப்பது, யானை நடமாட்டத்தைச் சொல்ல ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்பை நேரே சர்வரோடு இணைப்பது. இதற்குக் கொரியாவிலுள்ள கேம் கம்பெனி ஒப்புக்கொண்டாலும் குரூப் அட்மினின் ஒப்புதல் வேண்டும். அவருக்கு இந்த வாரம் சி ஷிப்ட்; உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.