யார்டா முதல்ல ஆரம்பிச்சது?

மதியச் சாப்பாட்டு நேரம். மைதானத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாட்ச்மேனாக இருந்தால் ஆளுக்கொரு அதட்டல் போட்டு விரட்டிவிடுவார். எங்கள் பள்ளி மாணவத் தலைவர் அப்படியெல்லாம் விட மாட்டார். பேட்ஜைச் சரிசெய்துகொண்டு கேட்பார்: “யார்டா முதல்ல ஆரம்பிச்சது?”

“இவன்தாண்ணா தள்ளினான்.”

“ஏன் தள்ளினே?”

“பந்தைத் தரல.”

“ஏன் தரல?”

“என்னை டீம்ல சேர்க்கல.”

“ஏன் சேர்க்கல?”

“காலாண்டுல ஒரு மார்க் கேள்விக்குக்கூட விடை காட்டலண்ணா.”

நீங்களும் நானும் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவோம். அவர் விசாரணை எட்டாம் வகுப்பில் தொலைந்துபோன காம்பஸைத் தாண்டி, ஆறாம் வகுப்பில் நோட்டில் கொட்டிய தண்ணீர் வரைக்கும் போகும். அதற்குள் மதிய வகுப்பு தொடங்கியிருக்கும். தண்ணீர் கொட்டியதற்குச் சாட்சி என் வகுப்புக் கடைசி பெஞ்சில் இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். “எக்ஸ்கியூஸ் மீ சார், ஒரு பையன் வேணும். ரெண்டே நிமிஷம்.” பையன் நான் தலையாட்டுவதற்குள் வராந்தாவில் இருப்பான். அந்த ரெண்டு நிமிஷம் மணி அடிக்கும்போதுதான் முடியும். இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு மூலங்கள்தான். இவர் கைக்குப் போன சண்டைக்கு ஏழெட்டு.

ஒருமுறை சாட்சி சொன்னான்: “தண்ணிய இவனுங்க ரெண்டு பேரும் கொட்டலண்ணா. நான்தான் கொட்டினேன்.” புது வழக்கு தொடங்கியது.

போர்டில் பேர் எழுதிப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது, பிரேயரில் மைக்கைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் உண்டு. அது எல்லாத் தலைவர்களும் செய்வதுதான்.

அடித்துக்கொண்ட இருவரும் நடுவிலேயே, “நாங்க பழம் விட்டுட்டோம்ணா, விட்டுடுங்க” என்று கெஞ்சுவார்கள். “விசாரணை முடியல” என்பார். சாயங்காலம் அந்த இருவரும் ஒரே சைக்கிளில், அவர் குரலிலேயே பேசிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அவர் தீர்த்த சண்டை எதுவும் திரும்ப வந்ததில்லை. மறுபடி அவரிடம் போய் நிற்க யாருக்குத் தெம்பிருக்கிறது? இத்தனைக்கும் நடுவில் அவருடைய டிபன் பாக்ஸ் மூடிகூடத் திறக்காமல் அப்படியே இருக்கும். அதைப் பார்த்தால் எனக்குத் திட்ட மனசு வராது.

திட்ட வேண்டியது எங்களைத்தான். ஸ்டாஃப் ரூமுக்குச் சத்தம் கேட்டால், “லீடரைக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுகிறோம். உயரமாக இருக்கிறான், குரல் கணீரென்று இருக்கிறது என்று பதினாறு வயதுப் பையனுக்கு பேட்ஜ் குத்திவிட்டோம். சண்டையை எப்படி விலக்குவது என்று ஒருத்தராவது சொல்லிக்கொடுத்தோமா?

2024-இல் அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். குழுவுக்குக் குழு தலைவர்கள். இப்போது குறிஞ்சிக்காரன் பாலைக்காரனைத் தள்ளினால் அதே கேள்வியை மூன்று பேர் கேட்கிறார்கள்.

தம்பி, தாராளமாக விசாரி. முதலில் சாப்பிட்டுவிடு. சாட்சியை மட்டும் இன்டர்வெல்லில் கூப்பிட்டுக்கொள். அரையாண்டுக்குள் எனக்கு இன்னும் மூன்று பாடம் பாக்கி இருக்கிறது.