சந்து அடைக்கும் படலம்

மெல்பர்ன்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் பேசும்போது "பின்னால என்னடா கர்ரு கர்ருன்னு சத்தம்?" என்று கேட்டீர்கள். துணி துவைக்கிற அறையில் பழைய சிலிக்கானைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வேலைக்கென்று விமானம் ஏறியவன் கொத்தனார் வேலை பார்க்கிறேன் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே துணி துவைக்க ஒரு தனி அறை. லாண்டரி என்பார்கள். 45 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் தொட்டி, அதற்கடியில் அலமாரி, பக்கத்தில் மெஷின். நம் வீட்டில் கிணற்றடிக் கல்லில் அத்தை துணியை அடித்தால் தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கும்; நீங்கள் விட்ட வாட்டத்தில் ஓடிப்போய் வாழை மூட்டில் நிற்கும். இங்கே ஒரு சொட்டு தெறித்தாலும் வீடே பதறுகிறது. காரணம் உண்டு. சுவரைத் தட்டிப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். வெளியே ஒரு வரிசை செங்கல், உள்ளே மரச்சட்டம், அதன்மேல் 10 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை. அலமாரியோ மரத்தூளை அழுத்திச் செய்தது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழைச் சந்து இருந்தால் போதும், தண்ணீர் இறங்கிப் பலகை ஊதிவிடும். ஊதினது பிறகு வற்றாது.

எங்கள் அலமாரி ரசமட்டத்துக்கு நிற்கிறது. சுவர்தான் தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை. இடையில் மேலே இரண்டு நூல், கீழே ஆறு நூல் சந்து. உங்களிடம் வேலை பார்க்கிற ஆள் இப்படி எழுப்பியிருந்தால் அன்று மாலை கூலி கிடையாது. இங்கே வீடு கட்டியவர், "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்று மரியாதையாக எழுதி அனுப்பினார். அடைக்க ஆள் கூப்பிட்டாலோ, வந்து எட்டிப் பார்ப்பதற்கே தனிக் கூலி.

ஆகவே சனிக்கிழமை பன்னிங்ஸ் போனோம். ஆணி முதல் கதவு வரை விற்கிற கடை. வாசலில் ஏதாவது பள்ளிக்கூடமோ விளையாட்டுக் குழுவோ நிதி திரட்ட சாசேஜ் சுட்டு, ரொட்டியில் வைத்து விற்கும். 2018-ல் அந்தக் கடை ஒரு யோசனை சொன்னது: வதக்கிய வெங்காயத்தை சாசேஜுக்கு அடியில் வைப்பது நல்லது. மேலே வைத்தால் தரையில் விழுமாம், யாராவது வழுக்கி விழுவார்களாம். நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. வெங்காயத்துக்கே இப்படி என்றால், சுவருக்குள் போகிற தண்ணீருக்குக் கேட்க வேண்டுமா?

உள்ளே சந்து அடைக்கிற சாமான்களுக்கென்றே நீள வரிசை. ஒயிட் சிமென்ட், எம்-சீல் இரண்டையும் வைத்து ஊரையே அடைத்த உங்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஈரம் படும் இடத்துக்குப் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான். அது பெயின்டைப் பிடிக்காது. காய்ந்த இடத்துக்கு அக்ரிலிக்; அதன்மேல் பெயின்ட் அடிக்கலாம். சிலிக்கானிலும் ஒரு ரகம் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். சலவைக்கல்லுக்கும் சில உலோகங்களுக்கும் அது ஆகாது. வாடை வராத ரகத்தையே என் மனைவி எடுத்தாள். அதைத் தள்ளுகிற துப்பாக்கி, அத்தையின் முறுக்கு உழக்குக்குக் கைப்பிடி வைத்தது போல இருக்கும்.

எதிர்வீட்டுக் கிரேக்கத் தாத்தா சத்தம் கேட்டு வந்துவிட்டார். திராட்சைக்கொடியும் ஆலிவ் மரமுமாக வாழ்கிறவர். என் ஆங்கிலம் அவருக்குப் புரியாது, அவருடையது எனக்கு. பழைய சிலிக்கான் மேல் புதுசு ஒட்டாது என்று என்னைச் சுரண்ட வைத்தவர் அவர்தான். துளி விடாமல் எடுத்து, துடைத்து, காயவிட்டு, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவே ஒரே இழுப்பு. சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரே தடவு. மேலே ஆடை படியுமுன் டேப்பை உரித்துவிட வேண்டும். இதையெல்லாம் தாத்தா கையாலேயே பேசினார்.

சுவரோரத்து ஆறு நூலுக்குள் அவர் முதலில் நுரைக்கயிறு ஒன்றைத் திணிக்கச் சொன்னார். பூச்சு பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால், மரம் சுருங்கி விரியும்போது கிழிந்துவிடும். இரண்டு ஓரமும் மட்டும் பிடித்தால் இழுத்த இழுப்புக்கு வரும். கயிற்றின் மேல் அக்ரிலிக், அதன்மேல் வெள்ளைப் பெயின்ட். இப்போது சுவர் நேராக இருப்பது போலவே தெரிகிறது. கட்டியவருக்குப் போட்டோ அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

மெஷினுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த சந்தையும் அடைக்கச் சொன்னாள் என் மனைவி. பையனின் காலுறைகள் குடும்பத்தோடு குடியிருக்கும் இடம் அது. தாத்தா உடம்பையே குலுக்கிக் காட்டித் தடுத்தார். துணி பிழிய மெஷின் சுற்றும்போது ஆடுமே, இடம் வேண்டாமா? அதை விட்டுவிட்டோம்.

பூச்சு காயும்வரை ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் தண்ணீர் விடக்கூடாது. குழாயில் துணி கட்டி அவளே காவல் இருந்தாள். யூனிஃபார்ம் துவைக்க முடியாது, அதனால் பள்ளிக்கூடமும் கிடையாது என்று பையன் தீர்ப்பே சொல்லிவிட்டான். செல்லுபடியாகவில்லை.

அடுத்து குளியலறை. டிசம்பரில் நீங்கள் வரும்வரை அதைத் தொடப்போவதில்லை. ரசமட்டம், தூக்குக்குண்டு இரண்டையும் பெட்டியில் போட்டு விடுங்கள். கைப்பையில் வைத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். மணியாசுக்கட்டையும் கொண்டுவந்தால், அது மரம் என்பதால் இங்கே இறங்கும்போது பயணிகள் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். மண் ஒட்டியிருக்கக் கூடாது, நன்றாகக் கழுவிக் கொண்டுவாருங்கள். அத்தை கொடுத்துவிடும் சாமான்களையும் ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்